இண்டி விளையாட்டுகளும் பெருஞ்செலவு விளையாட்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இண்டி விளையாட்டு என்று எதைச் சொல்கிறோம்?

பெரிய வெளியீட்டு நிறுவனம் ஒன்றின் பணத்தையும் கட்டளையையும் சாராமல், தனி ஒருவரோ சிறு குழுவோ தம் பொறுப்பில் உருவாக்கும் வீடியோ கேமை இண்டி என்கிறோம். ‘இண்டிபென்டன்ட்’ என்ற சொல்லின் சுருக்கம் அது. சுயாதீன விளையாட்டு என்று எழுதுவோரும் உண்டு.

வரையறை எளிதாகத் தோன்றினாலும், உண்மையான விளையாட்டுகளை அதனுள் பொருத்திப் பார்க்கும்போது சிக்கல் வருகிறது. பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டூடியோஸ் 2023ஆம் ஆண்டு ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டை வேறு வெளியீட்டாளர் இன்றித் தானே வெளியிட்டது. ஆனால் அதில் உழைத்தவர்கள் 400க்கும் மேற்பட்டோர். அதே ஆண்டு ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த சுயாதீன விளையாட்டுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ‘டேவ் தி டைவர்’, நெக்சான் என்ற பெருநிறுவனத்தின் ஒரு பிரிவு உருவாக்கியது. அந்தப் பரிந்துரை அப்போது பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

ஆட்களின் எண்ணிக்கையை விடவும், விளையாட்டின் தோற்றத்தை விடவும் இரண்டு கேள்விகள் உதவும் என்பது என் கருத்து. இந்த விளையாட்டை நிறுத்தவோ மாற்றவோ சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? நட்டம் வந்தால் அதைச் சுமப்பவர் யார்? இரண்டு கேள்விக்கும் விடையாக, அந்த விளையாட்டை உருவாக்கியவரே வருவாரானால், அதை இண்டி என்று தயங்காமல் சொல்லலாம். இந்தப் பக்கத்தில் இனி வரும் பதில்கள் பலவும் இந்த இரண்டு கேள்விகளையே சுற்றி வரும்.

‘டிரிபிள் ஏ’ என்பதற்கு அதிகாரபூர்வ அளவுகோல் உண்டா?

இல்லை. எந்த அமைப்பும் அந்தத் தரத்தை வழங்குவதில்லை. பெரும் முதலீட்டிலும் பெரும் விளம்பரத்திலும் வரும் விளையாட்டுகளைத் துறையினர் வழக்கமாக அப்படி அழைக்கிறார்கள், அவ்வளவுதான். அது செலவைக் குறிக்கும் சொல்லே தவிர, தரச் சான்றிதழ் அன்று.

ஒரு பெரிய விளையாட்டுக்கு அவ்வளவு பணம் எங்கே போகிறது?

நிறுவனங்கள் பொதுவாகத் தயாரிப்புச் செலவை வெளியே சொல்வதில்லை. 2023ஆம் ஆண்டு அமெரிக்காவில், ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்குவதைத் தடுக்க அரசு அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், பிளேஸ்டேஷன் நிறுவனமான சோனி தாக்கல் செய்த ஆவணத்தின் சில வரிகள் கறுப்பு மையால் சரியாக மறைக்கப்படாமல் போனதால், இரண்டு எண்கள் ஊரறிய வெளிவந்தன. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ விளையாட்டுக்குச் சுமார் 22 கோடி டாலர். ‘ஹொரைசன் ஃபார்பிடன் வெஸ்ட்’ விளையாட்டுக்கு 21.2 கோடி டாலர். முதலாவதில் உச்சக்கட்டத்தில் ஏறத்தாழ 200 முழுநேர ஊழியர்களும், இரண்டாவதில் 300 பேரும் வேலை செய்திருக்கிறார்கள்.

இந்தச் செலவின் பெரும்பகுதி சம்பளம் என்பதைச் சிறு கணக்கு ஒன்றே காட்டிவிடும். ஓர் ஊழியருக்குச் சம்பளம், அலுவலக வாடகை, காப்பீடு எல்லாம் சேர்த்து மாதம் 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 200 பேருக்கு மாதம் 20 லட்சம் டாலர்; ஐந்து ஆண்டுகளுக்கு 12 கோடி டாலர். அமெரிக்க நகரங்களில் இந்த மாதச் செலவு இதைவிட அதிகமாகவே இருக்கும். இதற்கு மேல் நடிகர்களின் உடலசைவுப் பதிவு, இசைக்குழு, பல மொழிகளுக்கான குரல், வெளிநாட்டுத் துணை நிறுவனங்களின் வேலை எல்லாம் வரும். விளம்பரச் செலவோ தனிக் கணக்கு.

ஆறு மாதம் தள்ளிப்போனால் கோடிக்கணக்கில் செலவு கூடுவதும் இதனால்தான். பெரிய நிறுவனங்களின் பல முடிவுகளை, இந்த மாதாந்திரச் சம்பளப் பட்டியலை மனத்தில் வைத்துப் பார்த்தால் எளிதில் புரிந்துகொள்ளலாம்.

தனி ஒருவரால் ஒரு முழு விளையாட்டை எப்படி உருவாக்க முடிகிறது?

‘ஸ்டார்டியூ வேலி’ இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியைச் சேர்ந்த எரிக் பரோன், கணினி அறிவியல் படித்து முடித்தும் வேலை அமையாத நிலையில், தன் நிரலாக்கத் திறனை வளர்த்துக்கொள்ளும் பயிற்சியாக ஒரு பண்ணை விளையாட்டைத் தொடங்கினார். நிரல், படம், இசை, உரையாடல் அனைத்தையும் அவரே செய்தார். நான்கு ஆண்டுகளுக்கும் மேல் அந்த வேலை நீண்டது; இடையில் ஓர் அரங்கத்தில் இருக்கை காட்டும் பகுதிநேர வேலையும், இணையரின் வருமானமும் அவரைத் தாங்கின. 2016 பிப்ரவரியில் வெளிவந்த அந்த விளையாட்டு, 2024க்குள் 3 கோடிப் பிரதிகளைத் தாண்டியது.

இது சாத்தியமானதற்கு முதற்காரணம் கருவிகள். யூனிட்டி, அன்ரியல், கேம்மேக்கர், கோடோ போன்ற கேம் இன்ஜின்கள், ஒளி, பொருள்களின் மோதல், ஒலி, திரையில் படம் வரைதல் ஆகியவற்றுக்கான அடிப்படை நிரலை ஆயத்தமாகத் தருகின்றன. கோடோ முற்றிலும் இலவசமான திறமூல மென்பொருள்; அதன் நிரலை எவரும் பார்க்கலாம், மாற்றலாம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு இந்த அடிப்படையை எழுதவே ஒரு குழு தேவைப்பட்டிருக்கும். மற்றொன்று விநியோகம். ஒரு காலத்தில் குறுந்தட்டு அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்ப வெளியீட்டாளர் இன்றியமையாதவராக இருந்தார். ஸ்டீம் போன்ற இணையக் கடைகள் வந்தபின், 100 டாலர் பதிவுக் கட்டணம் செலுத்தும் எவரும் தம் விளையாட்டை உலகெங்கும் விற்க முடிகிறது.

இவை இரண்டும் இருந்தாலும், எதைச் செய்யாமல் விடுவது என்று தெரியாதவர் விளையாட்டை முடிக்கவே மாட்டார். லூகாஸ் போப் 2013இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ விளையாட்டில் நீங்கள் கற்பனையான ஒரு சர்வாதிகார நாட்டின் எல்லைச் சாவடி அதிகாரி. பெரும்பாலான நேரம் திரையில் இருப்பது ஒரு மேசை, கடவுச்சீட்டு, முத்திரை, முன்னால் நிற்கும் ஒரு முகம். கணவனுக்கு ஆவணம் சரியாக இருக்கிறது, மனைவிக்கு இல்லை. அனுமதித்தால் உங்கள் சம்பளம் பிடிக்கப்படும், வீட்டில் பிள்ளைக்கு மருந்து வாங்க முடியாது. ஒற்றை ஆளின் வசதிக்குறைவிலிருந்து பிறந்த அந்தக் குறுகிய மேசையே விளையாட்டின் பொருளாகவும் ஆகிவிட்டது. முப்பரிமாண நகரம் ஒன்றை அதைச் சுற்றி எழுப்பியிருந்தால் அந்த மூச்சுமுட்டல் கிடைத்திருக்காது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

புதுமை இண்டியில்தான் இருக்கிறது, பெரிய நிறுவனங்கள் பழையதையே திரும்பத் தருகின்றன என்பது உண்மையா?

பாதி உண்மை. 20 கோடி டாலர் போட்டவர் அதைத் திரும்ப எடுக்கவே பல லட்சம் பிரதிகளை விற்றாக வேண்டும். ஆகவே ஏற்கெனவே விற்ற பெயரின் அடுத்த பாகத்தையும், பழகிய ஆட்டமுறையையும் நாடுவது இயல்பு. அதைக் கற்பனைப் பஞ்சம் என்று இகழ்வது அங்கே உழைக்கும் கலைஞர்களுக்கு இழைக்கும் அநீதி. எத்தனையோ நல்ல யோசனைகள் அந்த அலுவலகங்களின் ஆரம்பக்கட்டக் கூட்டங்களிலேயே நின்றுவிடுகின்றன. அவற்றை யோசித்தவர்கள் குறை சொல்லத் தக்கவர்கள் அல்லர்.

இழப்பதற்கு அதிகம் இல்லாதவர் துணிய முடியும். லூகா கலாண்டே உருவாக்கிய ‘வாம்பயர் சர்வைவர்ஸ்’, பழைய பாணிச் சிறு படங்களுடன், ஏறத்தாழ 3 டாலர் விலையில் 2021 இறுதியில் முன்னோட்ட வடிவில் வந்தது. தாக்குதல் தானாகவே நடக்கும். நகர்வது மட்டும் நம் வேலை. இப்படி ஒரு யோசனையைப் பெரிய நிறுவனம் ஒன்றில் சொல்லியிருந்தால் முதல் கூட்டத்தைக் கடந்திருக்காது. 2023ஆம் ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில், ‘எல்டன் ரிங்’, ‘காட் ஆஃப் வார் ரக்னராக்’ ஆகிய பெரும் படைப்புகளும் போட்டியிட்ட சிறந்த விளையாட்டு விருதை அது வென்றது. அதன்பின் அதே ஆட்டமுறையில் எண்ணற்ற விளையாட்டுகள் வந்துவிட்டன. இண்டி உலகிலும் நகலெடுப்பு உண்டு என்பதை இதனுடன் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெருஞ்செலவால் மட்டுமே இயலும் காரியங்களையும் மறந்துவிடலாகாது. ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ விளையாட்டில் குதிரையின் மீது படியும் சேறும், தெருவில் போகிற யாரோ ஒருவரின் தனி அன்றாடமும் நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் உழைத்ததன் விளைவு. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ பார்வையற்றவரும் தொடக்கம் முதல் முடிவு வரை ஆடும்படி, 60க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளுடன் வந்தது. அத்தகைய பணிக்கு ஆளும் சோதனையும் பணமும் வேண்டும். ஒரு பெரிய நிறுவனம் தன் செல்வத்தைச் செலவிட இதைவிட நல்ல வழி குறைவு. சிறு குழுவும் தன்னால் இயன்றதைச் செய்யாமல் இல்லை. 2018இல் வந்த ‘செலஸ்ட்’, ஆட்ட வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் அடிபடாமல் ஆடவும் ஓர் உதவி முறையை வைத்திருந்தது.

இரண்டுக்கும் இடைப்பட்டவை இல்லையா?

உண்டு; ‘டபுள் ஏ’ என்ற சொல் வழக்கில் இருக்கிறது. பிரான்சின் மோன்பெலியே நகரில் ஏறத்தாழ 30 பேர் கொண்ட சாண்ட்ஃபால் இன்டராக்டிவ், வெளி நிறுவனங்களின் துணையோடு உருவாக்க, 2025 ஏப்ரலில் வெளிவந்த ‘கிளேர் ஆப்ஸ்கர்: எக்ஸ்பெடிஷன் 33’ இதற்கு அண்மைக்காலச் சான்று. அதே ஆண்டு தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டாகவும் சிறந்த சுயாதீன விளையாட்டாகவும் அதுவே தேர்வானது. பார்வைக்கு அது ஒரு டிரிபிள் ஏ விளையாட்டு என்றே எவரும் சொல்வார்கள்.

பெரிய விளையாட்டுகள் ஏன் குறைகளோடு வெளிவருகின்றன?

தேதியால். விளம்பர ஒப்பந்தங்கள், பண்டிகைக் கால விற்பனை, பங்குதாரர்களுக்குக் கொடுத்த வாக்கு ஆகியவை வெளியீட்டு நாளை இறுக்கிக் கட்டிவிடுகின்றன. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனத்தின் ‘சைபர்பங்க் 2077’, 2020ஆம் ஆண்டுக்குள் மூன்று முறை தள்ளிவைக்கப்பட்டு, டிசம்பர் 10 அன்று வெளியானது. பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளில் அது ஆட முடியாத நிலையில் இருந்தது. ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து அதை அகற்றி, பணத்தைத் திருப்பித் தந்தது. பின்னர் நிறுவனம் கைவிடாமல் திருத்தியதால், 2023 செப்டம்பரில் வந்த 2.0 பதிப்பு பாராட்டைப் பெற்றது. அதை மதிக்கிறேன், ஆயினும் முதல் நாளில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அந்த மூன்று ஆண்டுகளின் விலையையும் கொடுத்தார்கள்.

இது பெரியவர்களின் நோய் மட்டுமன்று. சிறு குழுவான ஹெலோ கேம்ஸ் 2016இல் வெளியிட்ட ‘நோ மேன்ஸ் ஸ்கை’, சொன்னவற்றில் பல இல்லாமலே வந்து கடுங்கோபத்தைச் சம்பாதித்தது. அந்தக் குழுவும் ஆண்டுக்கணக்கில் கட்டணமின்றிப் புதுப்பித்துத் தன் பெயரை மீட்டது.

ஒரு பெரிய விளையாட்டு தோற்றால் என்ன ஆகும்?

சில நேரங்களில் அந்த விளையாட்டே உலகிலிருந்து மறைந்துவிடும். சோனியின் ‘கான்கார்ட்’ 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளிவந்தது. விற்பனை மிகக் குறைவாக இருந்ததால் செப்டம்பர் 6 அன்று சர்வர்கள் நிறுத்தப்பட்டு, வாங்கியோருக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. இணையத்தில் மட்டுமே ஆடக்கூடிய விளையாட்டு என்பதால், பல ஆண்டு உழைப்பு இரண்டே வாரத்தில் யாரும் திறந்து பார்க்க முடியாத ஒன்றாகிவிட்டது. அக்டோபரில் அதை உருவாக்கிய ஃபயர்வாக் ஸ்டூடியோவும் மூடப்பட்டது.

வெற்றி பெற்றாலும் பாதுகாப்பு உறுதி என்று சொல்வதற்கில்லை. ஜப்பானின் டாங்கோ கேம்வொர்க்ஸ் 2023இல் வெளியிட்ட ‘ஹை-ஃபை ரஷ்’ விமர்சகர்களாலும் ஆடுவோராலும் கொண்டாடப்பட்டது. 2024 மே மாதம் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் அந்த ஸ்டூடியோவை மூடுவதாக அறிவித்தது. பின்னர் தென் கொரியாவின் கிராஃப்டன் முன்வந்து அதை ஏற்றுக்கொண்டது. முடிவெடுப்பவர் ஓரிடத்தில், உழைப்பவர் வேறிடத்தில் என்று நான் முதல் பதிலில் சொன்ன பிரிவினை, இங்கே மனிதர்களின் வாழ்க்கையாகவே மாறி நிற்கிறது.

அப்படியானால் இண்டி உருவாக்குநர்கள் நலமாக வாழ்கிறார்களா?

பெரும்பாலோர் இல்லை. நாம் பெயர் சொல்லிப் பேசுவது வென்றவர்களை மட்டுமே. ஸ்டீமில் 2024ஆம் ஆண்டு மட்டும் 18,000க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வெளியாயின. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது. அவற்றில் பலவற்றை, உருவாக்கியவரின் நண்பர்களைத் தவிர ஒருவரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

விற்றாலும் கிடைப்பது முழுவதும் கைக்கு வராது. ஸ்டீம் விற்பனையில் 30 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. ஒரு விளையாட்டு 1 கோடி டாலர் ஈட்டினால் அதற்கு மேற்பட்ட தொகையில் 25 ஆகவும், 5 கோடியைத் தாண்டினால் 20 ஆகவும் அந்தப் பங்கு குறைகிறது. அதாவது, ஏற்கெனவே செழித்தவருக்குத்தான் சலுகை. இந்த ஏற்பாடு தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மீதியில் சிறு வெளியீட்டாளரின் பங்கும் வரியும் போக நிற்பதை, சம்பளமே இல்லாமல் உழைத்த ஆண்டுகளால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

கருவியைச் சார்ந்திருப்பதும் ஓர் ஆபத்து. 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம், விளையாட்டு நிறுவப்படும் ஒவ்வொரு முறைக்கும், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், கட்டணம் வாங்கப் போவதாக அறிவித்தது. பாதி முடிந்த விளையாட்டோடு இருந்த சிறு குழுக்கள் நிலைகுலைந்தன. எதிர்ப்புக்குப் பின் விதிகள் தளர்த்தப்பட்டு, ஓராண்டு கழித்து அந்தக் கட்டணமே கைவிடப்பட்டது. அந்த நாட்களில் கோடோவுக்கு மாறியவர்கள் பலர்.

குறைந்த விலை என்றால் குறைந்த மதிப்பா?

‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ 2025 செப்டம்பர் 4 அன்று 20 டாலருக்கு வெளிவந்தபோது, வாங்க வந்தவர்களின் நெரிசலில் பல இணையக் கடைகள் சற்று நேரம் செயலிழந்தன. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழுவின் படைப்பு அது. டிரிபிள் ஏ விளையாட்டுகளின் விலையோ 2020க்குப் பின் 70 டாலராகிவிட்டது.

விலையை ஆடும் மணிநேரத்தால் வகுத்து மதிப்பிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. குறும்படைப்புகளை அது கொன்றுவிடும். வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருகிறது. வாங்குவோருக்கு நல்ல விதிதான். ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும் விளையாட்டை முழுவதும் ஆடி, மகிழ்ந்து, பிறகு பணத்தையும் திரும்பப் பெறுவோர் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தமிழர் வாழ்க்கையைச் சொல்லும் விளையாட்டு ஏதேனும் உண்டா?

உண்டு, அதன் பெயரே ‘வெண்பா’. கனடாவின் டொரொன்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவர் கணவர் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின் ஆகிய மூவரின் கதை. தாயிடமிருந்து வந்த சமையல் குறிப்பேட்டின் பக்கங்கள் சிதைந்திருக்கின்றன. விடுபட்ட படிகளை ஊகித்து இட்லி, புட்டு, பிரியாணி என்று சமைப்பதே ஆட்டம். மகன் தமிழிலிருந்து மெல்ல விலகுவதும், தாய் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பதும் சமையலுக்கு இடையே நிகழ்கின்றன.

2024ஆம் ஆண்டு பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதும், சுயாதீன விளையாட்டு விழாவான ஐஜிஎஃப்பின் தலைமை விருதும் அதற்குக் கிடைத்தன. இட்லித் தட்டை அடுக்குவதை ஆட்டமாக்கும் ஒரு யோசனைக்கு 20 கோடி டாலர் போடுபவர் எவரும் இல்லை. போட்டிருந்தாலும், உலகச் சந்தைக்குப் புரிய வேண்டும் என்று அந்தத் தமிழ்ப் பெயர்களையே முதலில் மாற்றச் சொல்லியிருப்பார்கள் என்பது என் அச்சம். இண்டி விளையாட்டு ஏன் வேண்டும் என்று கேட்பவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

என் கணினி பழையது. எதை ஆட முடியும்?

பெரும்பாலான இண்டி விளையாட்டுகளை ஆடலாம். ‘ஸ்டார்டியூ வேலி’க்கு 500 எம்பி இடம் போதும், ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’, ‘பால்டர்ஸ் கேட் 3’ இரண்டும் தலா 150 ஜிபி கேட்கின்றன. நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் இல்லாமல் பின்னவற்றைத் தொட முடியாது.

கணினியே இல்லை, கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

விளம்பரமும் நச்சரிப்பும் இல்லாமல், ஒரு முறை பணம் கொடுத்து வாங்கி ஆடக்கூடியவற்றைத் தேடுங்கள். சீட்டுக்கட்டு பிடித்தால் ‘பலாட்ரோ’. கனடாவைச் சேர்ந்த ஒருவர் தனியாக உருவாக்கிய இது 2024 செப்டம்பரில் கைப்பேசிக்கு வந்தது. பொறுமையாக, நாள்கணக்கில் ஆட விரும்பினால் ‘ஸ்டார்டியூ வேலி’. சிறு திரையில் விரலால் விதைப்பது முதலில் சற்றுத் தடுமாற்றமாக இருக்கும், இரண்டு நாளில் பழகிவிடும். மேலே சொன்ன எல்லைச் சாவடி விளையாட்டும் 2022 முதல் கைப்பேசியில் கிடைக்கிறது. ஆவணங்களைக் கூர்ந்து படிக்க வேண்டியிருப்பதால், பேருந்துப் பயணத்தில் அதைத் திறக்காமல், வீட்டில் அமைதியான ஓர் இரவில் தொடங்குங்கள்.